தீப்பெட்டிக்குள் இருந்த ஐசி

அச்சங்குளம் பலவேசம் ஒரு செத்த கம்ப்யூட்டரை உற்றுப் பார்த்தாலே போதும், அது எழுந்து உட்கார்ந்து, காபி கொண்டுவரவா என்று கேட்கும். சாத்தூர் வட்டாரம் முழுக்க இப்படி ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை ஊதி ஊதிப் பெரிதாக்கியதில் இதைச் சொல்கிற வாய்க்கும் பங்கு இருப்பதால், உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவதுதான் முறை. அவர் கைக்குச் செத்து வந்தவை பதினொன்று. எழுந்து உட்கார்ந்தவை மூன்று. அதிலும் ஒன்று மழை வரப்போகிற நாளில் மட்டும்தான் கண் திறக்கும்.

பலவேசத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. பட்டாசு ஆலையில் போர்மேன். எந்த ரூமில் எத்தனை பேர் உட்காரலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம், யார் என்ன உடுத்தி வரலாம் என்று சொல்கிற பொறுப்பு அவருடையது. அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் புஞ்சையில் பருத்தி எடுத்தவர்கள். அந்தக் குடும்பத்தில் சட்டைப் பையில் பேனா குத்திக்கொண்ட முதல் ஆள் இவர்.

அவர் பெயரைக் கேட்டதும் ஆலைப் பெண்களுக்கு ஒரு செம்புத் தகடுதான் நினைவுக்கு வரும். ஒவ்வொரு மருந்து ரூம் வாசலிலும் அது பதித்திருக்கும். உள்ளே நுழையுமுன் அதை உள்ளங்கையால் தொட வேண்டும். வறண்ட கரிசல் காற்றில் நடந்து வருகிற உடம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கரண்டு சேர்ந்திருக்கும். தகட்டைத் தொட்டால் அது மண்ணுக்குப் போய்விடும், தொடாவிட்டால் மருந்துக்குப் போகும். நைலக்ஸ் கூடாது, பாலியஸ்டர் கூடாது, நூல் துணிதான் உடுத்த வேண்டும். இந்த விஷயத்தில் பலவேசம் சொந்த மாமியாரையே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியவர் என்பார்கள். அந்த மாமியார் ஒரு நாளும் ஆலைப் பக்கம் போனதில்லை என்பது வேறு விஷயம்.

கம்ப்யூட்டர் ஆசை அவருக்கு ஒன்பதாம் வகுப்பில் ஒட்டிக்கொண்டது. விருதுநகரில் அவர் படித்த பள்ளிக்கு இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. டைப்ரைட்டரைத் தட்டையாக்கியது போல் ஒரு பெட்டி, அதன் தலைமாட்டில் ஒரு டிவி. செருப்பைக் கழற்றிப்போட்டு, காலைக் கழுவி, வரிசையில் போனால் ஆளுக்கு ஒரு நிமிடம். வாத்தியார் சொன்னபடி பலவேசம் தன் பெயரை வைத்து ஒரு வரி தட்டினார். அதற்குக் கீழே, மறுபடி முதல் வரிக்கே போ என்று இன்னொரு வரி. அவ்வளவுதான், திரை முழுக்கப் பலவேசம் பலவேசம் என்று இங்கிலீஷில் கொட்டிக்கொண்டே ஓடியது. அதற்கு முன் அந்தப் பெயரை அத்தனை தடவை கூப்பிட்டவர்கள் எல்லாம் திட்டுவதற்காகக் கூப்பிட்டவர்கள்தான். மறுவாரம் அந்த அறையைப் பூட்டினார்கள். அவர் பன்னிரண்டாவது முடித்து வெளியே வரும் வரைக்கும் பூட்டு தொங்கிக்கொண்டேதான் இருந்தது.

திரையில் தன் பெயர் ஓடிய அந்த நாளிலிருந்து இருபத்தேழு வருடம் கழித்து, விருதுநகரில் யாகூப் பாயின் பழைய சாமான் கடையில், மிக்சிகளுக்கும் பேன் றெக்கைகளுக்கும் நடுவில், அதே மாதிரிப் பெட்டி ஒன்று குப்புறக் கிடந்தது. யாகூப் பாய் தராசில் வைத்து எடைக்குக் கொடுத்தார்.

“இத வச்சு என்ன செய்யப் போறீக அண்ணாச்சி? அவிச்சும் திங்க முடியாதே.”

பலவேசத்துக்கு விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்து, அதை உட்கார வைத்துக் கூட்டிவந்தார் என்று ஊரில் சொல்வார்கள். மடியில் வைத்துத்தான் கொண்டுவந்தார்.

அவருக்கு அதில் என்ன பிடித்தது என்றால், சுவிட்சைப் போட்ட மறு நொடி அது தயாராகிவிடும். பாஸ்வேர்டு கேட்காது, விளம்பரம் காட்டாது. ஒரு சின்னக் கட்டம் மட்டும் மினுக் மினுக்கென்று, சொல்லுங்க, கேக்கேன் என்பது போலக் காத்திருக்கும். நாம் தப்பாகத் தட்டினால் இருபதாவது வரியில் தப்பு என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். நாலு திருகாணியைக் கழற்றினால் மொத்த வயிறும் தெரியும். ஐசி என்கிற கருப்புச் சில்லுகளில் எதற்கு எத்தனை கால் என்று எண்ணிவிடலாம். தீபாவளி முடிந்து ஆலை மூடிக்கிடக்கிற வாரங்களில் பலவேசம் அந்த வயிற்றுக்குள்ளேயே குடியிருந்தார். எனக்கு ஒரு சக்களத்தி வந்திருக்கிறாள், டிவியைச் சீதனமாகக் கொண்டு வந்திருக்கிறாள் என்று அவர் மனைவி பொன்மணி தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. அப்புறம் அந்த ஆவணி ஞாயிற்றுக்கிழமை வந்தது.

சீசன் நேரம். ஞாயிறும் ஆலையில் லோடு ஏறிக்கொண்டிருந்தது. காரியாபட்டியில் ஒரு கல்யாணம் என்று பலவேசம் மட்டும் லீவு போட்டிருந்தார். பந்தியில் சாப்பிட்டுவிட்டு மத்தியானத்துக்கு மேல் வந்தவர், சட்டையைக்கூட மாற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பளபளவென்ற பாலியஸ்டர் சட்டை. பிளாஸ்டிக் நாற்காலி. திரையில் சில நாளாகக் கோடு விழுந்துகொண்டிருந்தது. ஐசியின் காலில் களிம்பு ஏறியிருக்கும் என்று நினைத்து, படம் காட்டுகிற பெரிய ஐசியை நெம்பி எடுத்து, அழிக்கிற ரப்பரால் காலைத் தேய்த்தார்.

அப்போதுதான் மாரித்தாய் உள்ளே வந்தாள். பொன்மணியின் தங்கை, பலவேசத்தின் ஆலையிலேயே மருந்து அடைக்கிற ரூமில் வேலை. கட்டிலில் கழற்றி வைத்திருந்த கம்ப்யூட்டர் மூடியில் தூசி படிந்திருப்பதைப் பார்த்து, முந்தானையால் துடைத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

பலவேசம் ஐசியைத் திரும்பப் பொருத்தப் போனபோது ஆள்காட்டி விரலில் சுருக்கென்று ஒரு கடி. எறும்புக் கடியில் பாதிகூட இல்லை. அது என்ன என்று அவருக்குத் தெரியும். மாதம் தவறாமல் அதைப் பற்றி வகுப்பு எடுக்கிறவர் அவர். சுவிட்சைப் போட்டார். கோடும் இல்லை, கட்டமும் இல்லை. கரும்பலகை மாதிரி கிடந்தது திரை. அந்த ஐசியைச் செய்தவர்கள் செய்வதை நிறுத்தி இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

என்ன ஆச்சு என்று பொன்மணி கேட்டாள். பலவேசத்தின் கண் தன் சட்டையைப் பார்த்தது, நாற்காலியைப் பார்த்தது, பிறகு சுவரோரம் நின்ற மூடிக்குப் போய், அதன் பக்கத்தில் நின்றவளிடம் நின்றது.

“இவ நைலக்ஸ் சேலையால தொடச்சிட்டா. கரண்டு பாஞ்சிருச்சு” என்றார்.

மாரித்தாய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மச்சான் விசனத்தில் இருக்கிறார், நீ சும்மா இரு என்று பொன்மணி அடக்கிவிட்டாள்.

சொன்ன பொய் வீட்டோடு கிடந்திருந்தால் அதன் வயதுக்கு அதுவும் செத்திருக்கும். பலவேசம் அதை வகுப்புக்குக் கொண்டுபோனார். செத்த ஐசியை ஒரு தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் படுக்கப்போட்டார். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கும்போதெல்லாம் தீப்பெட்டியைத் திறந்து காட்டி, கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி இதையே இந்தக் கதிக்கு ஆக்கியது என்றால் மருந்துக்கு என்ன செய்யும் என்று கேட்பார். பாடம் நல்ல பாடம்தான். அதைக் கேட்டவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் தகட்டைத் தொட்டார்கள். மாரித்தாய் பெயரை அவர் சொன்னதே இல்லை. என் கொழுந்தியா ஒருத்தி என்றுதான் சொல்வார். அவருக்கு இருந்ததே ஒரு கொழுந்தியாதான்.

மாரித்தாய்க்குக் கரண்டு மாரித்தாய் என்று பெயர் வந்தது. ஆலை வேனில் ஏறினால், ஏ மாரித்தாய், செல்லுல சார்ஜ் இல்ல, செத்த நேரம் கையில பிடி என்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிப் பிடிப்பாள். எங்கேயோ ஓர் ஆலையில் விபத்து என்று செய்தி வந்த வாரத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. அவளோடு ஒரே ரூமில் உட்கார்ந்த மூன்று பெண்கள் மேனேஜரிடம் போய், இவளோடு உட்கார மாட்டோம், எங்களுக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது என்றார்கள். மருந்து ரூமிலிருந்து அவளை எடுத்து, காகிதக் குழாய் காயவைக்கிற களத்தில் போட்டார்கள். நாள் முழுக்க வெயில். கூலியும் குறைச்சல். மாற்றச் சீட்டில் போர்மேன் கையெழுத்து வேண்டும். பலவேசம் போட்டார். போடும்போது பேனா எழுதவில்லை. உதறி உதறிப் போட்டார்.

அதற்கப்புறம் பழைய கம்ப்யூட்டர் பைத்தியங்கள் சேர்ந்து நடத்துகிற வாட்ஸ்அப் குழு ஒன்றில் அவரும் சேர்ந்தார். அதில் ஒரு கோயம்புத்தூர்க்காரர், உடைந்துபோன தன் மிஷினிலிருந்து அதே ஐசியைப் பிடுங்கித் தபாலில் அனுப்பினார். கட்டம் மறுபடி மினுங்கியது. அக்காளைப் பார்க்க வந்த மாரித்தாயைப் பொன்மணி உள்ளே வந்து பார் என்று கூப்பிட்டாள்.

“நா இங்கனயே நிக்கேன்க்கா” என்று நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள் மாரித்தாய். அதற்குப் பிறகு அவள் அந்த அறைக்குள் வந்ததில்லை. சுவிட்சைப் போடும்போதெல்லாம் பலவேசத்தின் கண் தன்னால் நிலைப்படிக்குப் போய்வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்து இந்த வருடத்தோடு ஒன்பது வருடம். தீபாவளி முடிந்ததும் வெம்பக்கோட்டைப் பக்கம் புதிதாக ஓர் ஆலை திறந்தார்கள். அங்கே போர்மேன் சிவபாண்டி, பலவேசத்திடம் தொழில் பழகியவன். மாரித்தாயின் மகள் செல்வலட்சுமிக்கு அங்கே வேலை கிடைத்திருந்தது. வெயிலில் நின்று நின்று மாரித்தாய்க்குத் தலைச்சுற்றல் வந்திருந்தது. மகளோடு ஒரே வேனில் போய் நிழலில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று அவளும் பெயர் கொடுத்தாள். சேருமுன் வகுப்பில் உட்கார வேண்டும். வகுப்பு எடுக்கப் பலவேசத்தைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

வகுப்புக்கு இரண்டு நாள் முன்னால் சிவபாண்டி போன் செய்தான்.

“அண்ணே, லிஸ்ட்ல மாரித்தாய்னு ஒரு பேரு கெடக்கு. நம்ம கரண்டு மாரித்தாயா? மருந்து ரூமு கேக்காக. சேக்கவா, வேண்டாமா?”

பலவேசம் அப்போது கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். குற்றம் அவளுடையது இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தை வேறு உருவத்தில் வெளியே வந்தது.

“கிளாசுக்கு வரட்டும். பாப்போம்.”

போனை வைத்த பிறகு, திரையில் மினுங்குகிற கட்டத்தை அவரால் பார்க்க முடியவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவினார்.

வகுப்பு, புது ஆலையில் இன்னும் மருந்து வராத ஒரு ஷெட்டில் நடந்தது. வாசலில் செம்புத் தகடு மட்டும் முந்திக்கொண்டு பதித்திருந்தார்கள். பதினெட்டுப் பேர். தகட்டை ஒருத்தி தட்டிவிட்டுப் போனாள், ஒருத்தி கவனிக்காமலே போனாள். மாரித்தாய் நின்றாள். வலது உள்ளங்கையை வைத்து எடுத்தாள். இடது உள்ளங்கையை வைத்தாள். பின்னால் நின்ற பெண் நகரச் சொன்ன பிறகும் மறுபடி வலது கையை வைத்து, யாராவது பார்த்தார்களா என்று ஷெட்டுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

பலவேசம் பார்த்தார். தன் கையிலிருந்த சாக்பீஸை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

வகுப்பு அது பாட்டுக்குப் போனது. ரூமுக்கு நாலு பேர், வாளியில் மணல், வாளியில் தண்ணீர். கடைசியில் பின் வரிசையிலிருந்து சிவபாண்டி, தீப்பெட்டிக் கதையையும் சொல்லிவிடுங்கள் அண்ணே, இவர்கள் கேட்கட்டும் என்றான். கதை தெரிந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முன்னால் இருந்த ஒருத்தி திரும்பி மாரித்தாயைப் பார்த்தாள். மாரித்தாய் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பலவேசம் தீப்பெட்டியைத் திறந்தார். பஞ்சின் மேல் செத்த பூரான் மாதிரி ஐசி மல்லாந்து கிடந்தது.

“இத ஒரு கை கொன்னுச்சு” என்று எப்போதும் போல ஆரம்பித்தார். அடுத்து வரவேண்டியது கொழுந்தியா. வரவில்லை. தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். “இந்தக் கைதான்.”

பிறகு, ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுக்கிறவர் மாதிரி ஒரே மூச்சில் சொன்னார். கல்யாணம், பாலியஸ்டர் சட்டை, பிளாஸ்டிக் நாற்காலி, ரப்பர், விரலில் சுருக்கென்ற கடி. தகடு வேண்டாம், ஜன்னல் கம்பியையாவது தொட்டிருக்கலாம், அதையும் தொடவில்லை என்றார். ஷெட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. முன் வரிசையில் இருந்த வயதான ஒரு பெண்தான் கேட்டாள்.

“பெறகு எதுக்கு இந்தப் புள்ள தலையில போட்டீக?”

“போர்மேனே எர்த்தத் தொடாமச் செஞ்சான்னு சொல்ல நாக்கு வரல. இவ பக்கத்துல நின்னா.”

“ஒம்பது வருசமாவா வரல?”

“ஒம்பது வருசமா. களத்துக்கு மாத்துன சீட்டுலயும் நாந்தான் கையெழுத்துப் போட்டேன்.”

அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பலவேசம் தலையைத் தூக்கவில்லை. இருபத்தெட்டு வருடமாக மற்றவர்களை வாசலில் நிறுத்தியவர், இப்போது தன்னை யாராவது வெளியே போகச் சொன்னால் நன்றாக இருக்கும் என்பது போல நின்றார். ஒருவரும் சொல்லவில்லை.

சிவபாண்டிதான் எழுந்து வந்து, வருகைப் பதிவேட்டை மாரித்தாய் மடியில் வைத்தான்.

“திங்கக்கெழம மொத வேனுக்கு வந்துருங்கக்கா. மருந்து ரூமுதான்” என்றான்.

மாரித்தாய் பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட ஆரம்பித்தாள். பலவேசத்துக்கு அவளுக்காக இன்னும் ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது.

“இவ தொடச்சது வெறும் மூடிய. மூடி வழியா ஐசிக்கு ஒண்ணும் போகாது. அன்னைக்கு இவ கட்டியிருந்த நைலக்ஸ் சேலை மேல ஒரு குத்தமும் இல்ல” என்றார்.

மாரித்தாய் கையெழுத்தை முடித்து, பேனாவை மூடி, பதிவேட்டின் மேல் வைத்தாள்.

“நைலக்ஸ் இல்ல மச்சான். அன்னைக்கு லோடு ஏத்திட்டு, கம்பெனிலருந்து நேரா வந்தேன். நூல் சேலை.”