அம்புக்குக் கீழே இருந்தவர்கள்

போன வாரம் கே.கே. நகர் வீட்டில் அலமாரியை ஒழிக்கும்போது பழைய சிடி ஒன்று அகப்பட்டது. மேலே என் கையெழுத்தில் ‘ரத்தம்’ என்று எழுதியிருந்தது. நான் எதையும் தூக்கிப் போடமாட்டேன் என்பது வீட்டில் தினமும் என்மேல் வாசிக்கப்படும் குற்றப்பத்திரிகை. அந்தப் புண்ணியத்தில் சிடி போடுகிற பழைய கம்ப்யூட்டரும் இருந்தது. திறந்தால், பெயர்களின் வரிசைக்கு நடுவில் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம். மகன் எட்டிப் பார்த்தான்.

“ஏதோ குப்பை எழுத்தும்மா. அழிச்சிடு.”

எனக்குக் கை வரவில்லை. அந்தக் கட்டத்தை எனக்குத் தெரியும். அப்போது அது அம்புக்குறியாக இருந்தது.

என் முதல் வேலை சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி கம்ப்யூட்டர் சென்டரில். கீழே காபிக்கொட்டை வறுக்கிற கடை. இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் என் விரல்கள் கீபோர்டைத் தேடும். ரத்த தானம் செய்கிறவர்களின் பெயர்களை நோட்டில் வைத்திருந்த ஒரு குழு, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லிக் கொடுத்தது. கூட வேலை பார்த்த மேரி முதல் பாதியை அடித்தாள், நான் மறுபாதியை. கடைசி வரியில் என் பெயரையும் சேர்த்துக்கொண்டேன். ஓ பாசிட்டிவ், ஶ்ரீரங்கம். பட்டியலில் தன் பெயரைப் பார்க்கிற ஆசை யாரை விட்டது?

இரண்டு ஃபைலையும் ஒன்றாக ஒட்டியவளும் நான்தான். நாங்கள் அடித்த எடிட்டர் புரோகிராம் ஒவ்வொரு ஃபைலின் முடிவிலும் ‘இத்தோடு சரி’ என்று பொருள்படும் ஓர் எழுத்தை வைக்கும். திரையில் அது தெரியாது. ஒட்டும்போது அதை எடுத்துவிட வேண்டும். அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல், ஒரே நிமிடத்தில் ஒட்டிவிட்டேன் என்று பெருமை வேறு பட்டுக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் அன்வர் பாய் என்று ஒருவர் மாடியேறி ஓடிவந்தார்.

“பாலக்கரையிலேருந்து வரேம்மா. தங்கச்சிக்குப் பிரசவமாச்சு, ரத்தம் நிக்கல. பி நெகட்டிவ் கேக்குறாங்க. இங்க லிஸ்ட் இருக்குன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க.”

தேடினேன். ஒருவரும் இல்லை. மறுபடி தேடினேன்.

“இல்லைங்க பாய்.”

“நல்லாப் பாருங்கம்மா.” அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தார்.

என்மேல் தப்பில்லை என்று காட்டுவதற்காகவே முழுப் பட்டியலையும் திரையில் ஓடவிட்டேன். உறையூர்க்காரர் ஒருவரின் பெயரோடு நின்றது. கடைசியாக இருக்கவேண்டியது என் பெயர். அதைக் காணோம்.

“கொஞ்சம் இருங்க பாய்.”

ஃபைலின் அளவைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரிந்ததைப்போல இரண்டு மடங்கு. “அந்த இன்னொரு எடிட்டர்ல தொறந்து பாருடி,” என்றாள் மேரி. திறந்தேன். உறையூர்க்காரருக்குக் கீழே வலப்பக்கம் பார்த்தபடி ஒரு சின்ன அம்பு. அதற்குக் கீழே நான் அடித்த அத்தனை பேரும் இருந்தார்கள். அந்த ஓர் எழுத்தைக் கண்டதும் ‘முடிந்தது’ என்று தேடல் நின்றுவிட்டிருக்கிறது. இந்த எடிட்டரோ அதையும் ஒரு படமாக வரைந்துவிட்டு மேலே போயிருக்கிறது.

பி நெகட்டிவ் ஒருவர் இருந்தார். ஜீயபுரம். நம்பர் பி.பி., அதாவது பக்கத்து வீட்டு போன். கூப்பிட்டேன், அந்த வீட்டுக்காரர் எடுத்தார்.

“அவரு வாழைத் தோட்டத்துல நிக்கிறாருங்க. லைன்லயே இருங்க, ஆள் அனுப்புறேன்.”

ரிசீவரைக் காதில் வைத்தபடி காத்திருந்தேன். அன்வர் பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு மூச்சிரைக்க ஒரு குரல், “எங்க வரணும்?” என்று மட்டும் கேட்டது.

தங்கை பிழைத்துவிட்டாள். அன்வர் பாய் மணப்பாறை முறுக்குப் பொட்டலத்தோடு வந்தார். “உங்க லிஸ்ட் இல்லைன்னா என் தங்கச்சி இல்லம்மா,” என்றார். மேரி நறுக் நறுக்கென்று தின்றாள். எனக்கு இறங்கவில்லை.

ஏனென்றால், ஒட்டிய மறுவாரமே வேறொருவர் வந்திருந்தார். வயதானவர், கையில் குடை. மனைவிக்கு ஏபி நெகட்டிவ் வேண்டும் என்றார். ஒரே ஒரு தடவை தேடிவிட்டு, “இல்லைங்க” என்றேன். “சரிம்மா, போயிட்டு வரேன்,” என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். நல்லாப் பாருங்க என்று அவர் சொல்லவில்லை. அம்புக்குக் கீழே, என் பெயருக்கு இரண்டு வரி மேலே, ஏபி நெகட்டிவ் ஒருவர் இருந்தார்.

இதை மேரியிடம்கூட நான் சொன்னதில்லை. இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக, பயமாக இருக்கிறது.

பட்டியலை அன்றே சரிசெய்துவிட்டேன்; அம்போடு இருந்த பழைய ஃபைலை மட்டும் அழிக்காமல் வைத்திருந்து, பின்னாளில் சிடியில் ஏற்றிக்கொண்டேன். காபிக் கடை போய்விட்டது. மாடியில் இப்போது செல்போன் ரிப்பேர். பி.பி. நம்பர் என்றால் மகனுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. இன்றைய எடிட்டர்கள் அந்த எழுத்தைக் கண்டு நிற்பதில்லை. கட்டம் போட்டுக் காட்டிவிட்டு மேலே போகின்றன.

“அழிச்சிட்டியாம்மா?” என்று உள்ளேயிருந்து மகன் கேட்டான்.

“இருக்கட்டும்டா,” என்றேன்.

கீழே தள்ளிப் பார்த்தேன். ஏபி நெகட்டிவ்காரரின் பெயரும் ஊரும் தெளிவாகத் தெரிந்தன. குடையோடு வந்தவரின் பெயரைத்தான் நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.