சிலோன் ரேடியோவில் ஓர் ஓட்டை

நாயுடுபுரத்தில் இருக்கும் என் ரிப்பேர் கடைக்கு, சின்ன வயதில் எங்கள் தெருவில் இருந்த செல்வி, அவள் அப்பாவின் பழைய வால்வு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சுவிட்சைப் போட்டதும் வால்வுகள் சூடேறி, தூசி கருகும் வாசனை வந்தது. எனக்கு அப்போதே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

அவர்கள் சிலோனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த ரேடியோ அது. அந்த நாளில் சாயங்காலமானால் தெருப்பிள்ளைகள் எல்லாம் அவர்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையில் மலைக்குளிரில் ஒடுங்கி உட்கார்ந்து கேட்போம். குமிழைத் திருப்பும் உரிமை, அப்பா மடியில் உட்கார்ந்திருக்கும் செல்விக்கு மட்டும். என் அப்பா மன்னவனூரில் உருளைக்கிழங்குக் காடே கதி என்று கிடந்தார். எங்கள் வீட்டில் ரேடியோவும் கிடையாது, மடியும் கிடையாது. ஒருநாள் ஆளில்லாத நேரம் பார்த்து, குடைக்கம்பியால் அதன் ஸ்பீக்கரைக் குத்திவிட்டேன்.

மறுநாள் பாட்டு கரகரத்தது. "எலி கடிச்சிருச்சு போல" என்றார் செல்வியின் அப்பா. பிறகு, "இங்க வா புள்ள, இன்னைக்கு நீ திருப்பு" என்று என்னைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டார். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

இப்போது கழற்றிப் பார்த்தால், ஸ்பீக்கர் காகிதத்தில் அவர் போட்ட ஒட்டு அப்படியே இருந்தது.

"எலி கடிச்ச ஓட்டை" என்றேன்.

செல்வி சிரித்தாள். "எலியா? நீ குத்துனத அப்பா சன்னல் வழியா பாத்துட்டாரு. யாருகிட்டயும் சொல்லாத, அந்தப் புள்ளைக்கும் ஆசையிருக்கும்லன்னாரு."

ரேடியோவாவது பரவாயில்லை, என் கடையிலேயே பத்து கிடக்கிறது. அப்படி ஒரு மனிதர் இவளுக்கு அப்பாவாக வாய்த்தாரே என்று, குத்திய அன்றைக்கு எரிந்ததைவிட இப்போது வயிறு அதிகமாக எரிந்தது.