நாலுக்கும் ஏழுக்கும் நடுவே

நீல நாடாவில் தொங்கும் அந்த அட்டையில் 'விசிட்டர்' என்று மட்டும் அச்சடித்திருக்கும். செங்கல்பட்டில் டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் வேலை செய்த காலம் முழுக்க அதுதான் என் கழுத்தில் கிடந்தது. பழைய புத்தகங்களைப் பிரித்து ஸ்கேன் போடும் ஒப்பந்த ஆள் நான். சொந்த அட்டை வரும் வரும் என்றார்கள், வரவில்லை. காலையில் அதை நீட்டும்போது செக்யூரிட்டி, "இன்னா அண்ணாத்த, இன்னிக்கும் ஆபீஸ சுத்திப் பாக்க வந்துகீறியா?" என்பார். "நல்லா கீதுன்னு சொன்னாங்கோ நைனா, அதான்" என்பேன். இருவரும் சிரிப்போம்.

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். மறைமலைநகரில் உதிரிபாகக் கம்பெனி, நெம்மேலியில் குழாய் பதிக்கும் வேலை, பிறகு மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் ரூம் பாய். எந்த இடத்திலும் இரண்டு தீபாவளி பார்த்ததில்லை. லாட்ஜுக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்தவர் போனை எடுக்காமல் போனதால், அறை வாடகையை மாற்ற முதலாளி அந்த வெப்சைட்டின் கோப்பைத் திறந்து என்னை அதன் முன்னால் உட்காரவைத்தார். எழுத்துக்கு முன்னும் பின்னும் < > என்று குறிகள். ஒன்றை அழித்தால் பக்கமே சாய்ந்தது, திரும்பப் போட்டால் நிமிர்ந்தது. அப்படிப் பிடித்துக்கொண்டதுதான். மீதியைப் போனில் வீடியோ பார்த்துக் கற்றேன்.

செங்கல்பட்டு அலுவலகத்தின் டீம் லீடரை மேடம் என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட இளையவர், இன்ஜினியரிங் படித்தவர், திருக்கழுக்குன்றத்தில் கோயில் கைங்கர்யம் செய்யும் வீட்டுப் பெண். என்னை அண்ணா என்பார். பதிப்பகங்கள் அனுப்பும் கோப்புகளில் யார் யாரோ போட்ட நிறக் குறியும் எழுத்துருக் குறியும் குப்பையாய் மண்டிக் கிடக்கும். அவற்றை அழிப்பதற்கென்றே நாலு பெண்கள் முதுகு ஒடிய உட்கார்ந்திருந்தார்கள். ஸ்கேனர் சூடேறி நிற்கும் மதிய வேளைகளில் பக்கத்துக் கணினியில் நான் ஒரு சின்ன நிரல் எழுதினேன். டோக்கனைசர் என்று அதற்குப் பெயர் இருப்பதே மேடம் சொல்லித்தான் தெரியும். அது கோப்பை எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டே போகும். < வந்தால் குறி தொடங்குகிறது, > வந்தால் முடிகிறது. இப்படித் துண்டு துண்டாக வெட்டி வரிசையாக வைத்து, வேண்டிய நாலைந்து குறிகளை மட்டும் விட்டுவைத்து, மற்ற குறிகளை எறிந்துவிட்டு ஒட்டிவிட வேண்டும். அவ்வளவுதான்.

மேடம் அதை ஓட்டிப் பார்த்தார். தலபுராணம், சமையல் குறிப்பு, சிறுவர் கதை எல்லாம் பளிச்சென்று வந்தன. "அண்ணா, இத்தன நாள் ஸ்கேனர்கிட்ட உக்காந்து என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றார். அன்று மாலை பெண்கள் நாலு பேரும் வெளிச்சத்திலேயே வீட்டுக்குப் போனார்கள். எனக்கு ஸ்கேனர் பக்கம் போகவே மனசில்லை.

எங்கள் சரிபார்ப்பு முறை ஒன்று இருந்தது. நிரல் ஓடிய பிறகு, பக்கத்தில் குப்பைக் குறி ஏதாவது எஞ்சியிருக்கிறதா என்று பெண்கள் தேடுவார்கள். எஞ்சியதை மட்டுமே தேடினோம். காணாமல் போனதைத் தேட வேண்டும் என்று யாருக்கும், எனக்கும், தோன்றவில்லை.

அப்புறம் மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் வந்தது. எது சிறியது, எது பெரியது என்ற பாடம். '4 < 9, 12 > 7' என்று ஒரு வரி. என் நிரல் நாலைத் தாண்டியதும் குறி தொடங்கிவிட்டதாக நினைத்து, ஏழுக்கு முன்னால் முடிந்ததாக நினைத்து, நடுவில் இருந்ததைக் குப்பையில் போட்டது. '4 7' என்று அச்சாகிப் பள்ளிக்கூடம் வரை போய்விட்டது. பாடம் முழுவதும் அப்படித்தான்.

தலைமை அலுவலகத்திலிருந்து மேனேஜர் வந்தார். அந்த மாதம் மேடத்துக்குச் சென்னையில் பெரிய புராஜெக்ட் ஒன்று கைக்கு வர இருந்தது. மேனேஜர் அந்தக் கணக்குப் பக்கத்தை மேடத்தின் அறை மேஜையில் போட்டு, "இன்னாம்மா இது?" என்றார். மேடம், "என் டீம் வேலை சார், நான்தான் பொறுப்பு" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. கழுத்தில் அட்டையோடு கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், "சார், அந்த ப்ரோக்ராம் நான் எழுதினது. தப்பு என்னுது" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, அட்டையைப் பார்த்தார். பிறகு மேடத்தின் பக்கம் திரும்பினார். "ஸ்கேன் போடற ஆளுக்குச் சொல்லிக்குடுத்து இட்டாந்துட்டியா? நல்லா கீதும்மா. தப்பு பண்ணா தப்புன்னு சொல்லு. இந்தாளு மேல ஏன் போடற?" என்னிடம், "நீ போப்பா. போறப்ப நாலு டீ சொல்லிட்டுப் போ."

மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். நான் எழுதியது உண்மை என்று சொன்னால், சொந்த அட்டைகூட இல்லாத ஆளை நம்பிப் பள்ளிப் புத்தகத்தைக் கொடுத்தவர் ஆவார். பொய் என்று சொல்ல அவரால் முடியாது. "நீங்க போங்க அண்ணா" என்றார். நான் போனேன். டீயும் சொன்னேன். என் தவறுகூட என்னுடையதாக இருக்கத் தகுதியில்லை என்று ஆகிவிட்டதைவிட, உண்மையைச் சொல்லி அவரைப் பொய்க்காரி ஆக்கியதுதான் என்னைக் கூசவைத்தது.

மறுநாள் அவரே என் கணினிக்கு வந்தார். திட்டவில்லை. சேர்ந்து திருத்தினோம். < வந்ததும் பாயக் கூடாது, அடுத்து என்ன வருகிறது என்று எட்டிப் பார்க்க வேண்டும். இடைவெளியோ எண்ணோ வந்தால் அது கணக்கு, விட்டுவிடு. "எழுத்து வந்தா? x<y ன்னு இருந்தா?" என்றார். தெரிந்த குறிப் பெயர்களை எழுதிவைத்து, அதில் இருந்தால் மட்டும் குறி என்று கொள்ளச் செய்தார். எறிகிற துண்டுகளையெல்லாம் தனிக் கோப்பில் சேர்க்கவும் வைத்தார். "எறிஞ்சதையும் ஒரு தடவ பாத்துடணும் அண்ணா." அந்தச் சென்னை புராஜெக்ட் வேறொருவருக்குப் போயிற்று. மழைக்காலம் முடிவதற்குள் அவர் வேலையை விட்டார். அதற்கு முன்பே நான் கிளம்பிவிட்டேன். கிளம்புவது எனக்குப் புதிதில்லை.

இப்போது மாமல்லபுரம் சாலையில் வேன் ஓட்டுகிறேன். சென்ற வாரம் ஒரு கம்பெனி ஆட்களைக் கடற்கரை ரிசார்ட்டில் இறக்கிவிடும் சவாரி. முன் சீட்டில் ஏறியவர் மேடம். காதோரம் நரை. இறங்கும்போது தன் ஆட்களைக் கூப்பிட்டு, "எனக்கு மொத மொத டோக்கனைசர் எழுதிக் காட்டினவர் இவர்தான்" என்றார்.

"செம மேடம்!" என்றான் ஒரு பையன். "அப்ப வேன் ஓட்டறது சைடு பிசினஸா அண்ணாத்த?"

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும், ஆமாம் தம்பி, நான்தான் என்று. இந்த முறை நம்பியிருப்பார்கள் என்றுகூடத் தோன்றுகிறது. நான் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். "மேடம் எப்பவும் தமாசு சார்" என்றேன். அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

வேனை உள்ளே நிறுத்த வேண்டுமென்றால் வாசலில் பெயர் எழுத வேண்டும். எழுதினேன். காவலாளி நாடா கோத்த அட்டை ஒன்றை நீட்டினார். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.