யாரைச் சாகவிடுவது

கார்கிலில் சண்டை நடந்த அந்தக் கோடையில் ஒரு சிப்பாயைப் பற்றிக் கதை எழுதினேன். பெரியநாயக்கன்பாளையத்தில், பம்பு உதிரிபாகம் செய்கிற பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த காலம். சண்டையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் டிவியில் காட்டியது மட்டும்தான். ஆனாலும் கடைசிப் பக்கத்தில் அவன் சாகும்போது எனக்கே கண் கலங்கியது.

எட்டாவதோடு நின்றவன் நான். பிழை இருக்குமோ என்ற பயம் எப்போதும் உண்டு. பன்னிரண்டாவது படித்த பக்கத்து வீட்டு அம்மணிதான் திருத்திக் கொடுப்பார். அவர் கணவர் பட்டாளக்காரர், அப்போது அந்த மலையில்தான் எங்கோ இருந்தார். கதை நன்றாக வந்த மிதப்பில் அதை யோசிக்காமல் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை கொண்டுவந்தார். கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு திருத்தமும் இல்லை.

"ஏனுங்ண்ணா, அவன் சாகோணுமுங்களா?"

அவர் கணவர் இருக்கும் இடம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எழுதியது பலித்துவிட்டால்?

"காயத்தோட திரும்பி வர்ற மாதிரி மாத்திப்போடறேன், அம்மணி."

"காயம் எங்கீங்க?"

"கால்லன்னு வெச்சுக்கலாம்."

கொஞ்சம் யோசித்தார். "காடு உழவில்லாம கெடக்குதுங்களே. காலில்லாம எப்புடீங்க ஏரோட்டறது?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "யாராச்சும் செத்தாத்தான் கதைன்னா, கூட இருக்கறவன் சாகட்டுமுங்க. சென்னிமலைப் பக்கத்து ஆளுன்னு போட்டுருங்க."

சென்னிமலையில் எனக்கு யாரையும் தெரியாது. ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். அந்தச் சுலபம்தான் பிறகு என்னைத் தொந்தரவு செய்தது. சண்டை மூட்டிவிடுகிறவர்களைத் திட்டி நாலு பத்தி எழுதியிருந்த நானும், யாரையும் கடிந்து பேசாத அந்தப் பெண்ணும், வாசலில் நின்றபடியே முகம் தெரியாத ஒருவனைச் சாகக் கொடுத்துவிட்டோம். அவனுக்கும் ஒருத்தி இருப்பாள், பத்திரிகை வாங்கிப் படிப்பாள் என்று லேத்தில் நிற்கும்போதெல்லாம் தோன்றியது. கதையைப் பத்திரிகைக்கு அனுப்பவில்லை.

சண்டை நின்று சில மாதம் கழித்து அவர் கணவர் லீவில் வந்தார், முழுசாக. அம்மணி மைசூர்பாகு கொண்டுவந்து கொடுத்தார்.

"அந்தக் கதைய அனுப்பலீங்களா?"

"இல்லீங்க அம்மணி. மனசு வரல."

"மொதல்ல எழுதுன மாதிரியே அனுப்புங்கண்ணா. அவன் சாகறதுதான் நல்லா இருந்துச்சு. இப்பத்தான் அவிய வந்துட்டாங்களே."

எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. அன்று மாலையே அவனைச் சாகவிட்டு, உறையில் போட்டு, தபால் பெட்டியில் சேர்த்தேன். எல்லா வீட்டுக்கும் ஆள் திரும்பிவிடவில்லையே என்பது, பெட்டிக்குள் அது விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் உறைத்தது.