ஒரு முழம் பின்னால்

இதில் வரும் நேரங்கள் எதுவும் ஊகித்து எழுதியவை அல்ல. பேய்க் கதை சொல்கிறவர்கள் நள்ளிரவு பன்னிரண்டு மணி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போவார்கள். இங்கே அந்த வேலையே இல்லை. டிஜிட்டல் கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் தேதி, மணி, நிமிடம், விநாடி எல்லாவற்றையும் எழுதி வைத்துவிடுகிறது. அந்தப் படங்கள் இன்னமும் இருக்கின்றன. இளவரசன் அவற்றை அழிக்கவில்லை. அழிக்க அவனுக்குப் பயம்.

நடந்தது பகலில்தான். மார்கழி கடைசி வாரம், காலை ஏழு மணி. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டை விட்டு இறங்கினால் ஒரு புல்வெளி வரும். இடுப்பளவுப் புல். ஓரமாக ஓர் ஓடை. அன்று பனி இறங்கி மரங்களெல்லாம் பாதிதான் தெரிந்தன.

இளவரசனுக்குச் சின்னசேலத்தில் ஸ்டூடியோ. கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாகப் படம் எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் பக்கம் வந்த நாளிலிருந்து எத்தனையோ பேரை அவன் மலையேற்றி இறக்கியிருக்கிறான். ஆனால் அன்று எடுக்க வந்தது தன் சொந்தத் தங்கையை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது தனுஷா ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டதுகூட அவன்தான். பின்னல் கோணலாக இருக்கிறது என்று அவள் தினமும் சண்டை போடுவாள். அவளுக்குத் தை பிறந்ததும் கல்யாணம். மாப்பிள்ளை பிரவீன்குமார் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறான். தங்கமான பையன். அன்று மூவருமாகத்தான் மலையேறினார்கள். பனியில் பசிக்கிறது என்று பிரவீன்குமார் வெள்ளிமலைக்கு இட்லி வாங்கப் போயிருந்தான்.

மண்டப வாசல் பேனரில் தங்கை சிரித்துக்கொண்டே ஓடி வர வேண்டும். அதுதான் இளவரசனின் ஆசை. ஊரார் வீட்டுப் பெண்களையெல்லாம் அழகாக எடுத்துவிட்டு, சொந்தத் தங்கை படத்தில் சொதப்பினால் சின்னசேலமே சிரிக்கும்.

ஓடி வருகிற ஆளைப் படமெடுப்பதில் ஒரு சங்கதி உண்டு. அதைத் தெரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். சும்மா நிற்கிற ஆளென்றால் கேமரா ஒருமுறை ஃபோகஸ் பிடித்து, 'பீப்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிடும். ஓடுகிற ஆளுக்கு 'சர்வோ' என்று ஒன்று இருக்கிறது. ஆள் நகர நகர ஃபோகஸும் கூடவே நகரும். சத்தமே போடாது. பட்டனை அழுத்திப் பிடித்தால் விநாடிக்கு ஏழு படம் விழும். லென்ஸை நன்றாகத் திறந்து வைத்தால் முகம் மட்டும் துல்லியமாக இருக்கும். முகத்துக்கு ஒரு முழம் முன்னும் பின்னும் எல்லாம் கலங்கிப் போகும்.

"நான் கையத் தூக்கினா ஓடி வா," என்றான் இளவரசன். "ஓடைச் சத்தத்துல கத்தினா கேக்காது. கைதான் சிக்னல்."

"சரிண்ணா. விழுந்தன்னா நீதான் தூக்கணும்."

அவள் நாற்பதடி தள்ளிப் போய்ப் பனிக்குள் நின்றாள். சிவப்புப் புடவை, பின்னலில் கனகாம்பரம். அந்த நேரம் ஓர் ஆட்டு மந்தை புல்வெளியைக் கடந்து போனது. குட்டிகள் நிறைய இருந்தன. வேறு இடமாக இருந்தால் துள்ளிக் குதித்து ரகளை பண்ணியிருக்கும். இங்கே ஒன்றன்பின் ஒன்றாக, அடி மேல் அடி வைத்து நடந்து போயின. இளவரசன் அதைப் பார்த்தான். ஒழுக்கமான ஆடுகள் என்று நினைத்துக்கொண்டான்.

7:12. கையைத் தூக்கினான். தனுஷா ஓடி வந்தாள்.

சடசடசடவென்று பன்னிரண்டு படம்.

பின்பக்கத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தான். முகம் கலங்கியிருந்தது. அவளுக்குப் பத்தடி பின்னால் இருந்த புல் மட்டும் கத்தி மாதிரி துல்லியமாக விழுந்திருந்தது. இது சகஜம்தான். ஃபோகஸ் ஆளை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கிறதைப் பிடித்துக்கொள்ளும்.

"இன்னொரு தபா, தனு. ஃபோகஸ் பின்னாடி பூட்டுது."

7:19. மறுபடி ஓடினாள். பதினான்கு படம். முகம் கலங்கல். இந்த முறை ஆறடி பின்னால் துல்லியம்.

இளவரசன் லென்ஸைத் துடைத்தான். நடுப் புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஃபோகஸ் புள்ளிகளை எல்லாம் அணைத்தான். இனி அவள் முகத்தைத் தவிர வேறெதையும் கேமரா பிடிக்க வழியில்லை.

7:26. மூன்றாவது ஓட்டம். பட்டனில் விரல் அழுந்தியிருந்தது. படங்கள் விழுந்துகொண்டிருந்தன. அப்போது...

பீப்.

சர்வோவில் அந்தச் சத்தம் வராது. செட்டிங்கைத் திருப்பிப் பார்த்தான். சர்வோவில்தான் இருந்தது.

"எத்தினி தபாண்ணா ஓட வுடுவ? மூச்சு வாங்குது," என்றாள் தனுஷா, இடுப்பில் கை வைத்தபடி. "உங்கிட்ட படம் எடுத்துக்கிறவங்கல்லாம் பாவம்."

"ஒண்ணே ஒண்ணு. இதான் கடைசி."

திரையில் பார்த்தான். மூன்றடி பின்னால் துல்லியம். அந்தத் துல்லியமான இடத்தில் புல் படுத்திருந்தது. முந்தைய படத்தில் அதே புல் நிமிர்ந்து நின்றது.

காற்று இல்லை.

7:33. நான்காவது ஓட்டம். இந்த முறை பீப் சத்தம் இரண்டு தடவை கேட்டது. தனுஷா வந்து நின்று, திரும்பவும் பனிக்குள் நடந்து போனாள். இன்னும் ஒருமுறை கேட்பான் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். அண்ணனைப் பற்றி அவளுக்குத் தெரியாதா.

இளவரசன் படத்தைப் பெரிதாக்கினான். முகம் கலங்கல். ஆனால் அவள் பின்னல் நுனியில் இருந்த கனகாம்பரம் ஒவ்வொரு இதழாகத் தெரிந்தது.

பத்தடி. ஆறடி. மூன்றடி. இப்போது பின்னல் நுனி.

கேமரா ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அது சரியாகத்தான் பிடித்திருக்கிறது. தனுஷாவுக்குப் பின்னால் ஓடி வருவதை. அவன் ஒவ்வொரு முறை ஓடச் சொல்லும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கியிருக்கிறது. அதை அவளிடம் கொண்டு வந்து சேர்த்ததே அவன்தான்.

நிமிர்ந்து பார்த்தான். பனிக்குள் சிவப்புப் புடவை தெரிந்தது. இந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

"ஓடாத," என்று கத்தினான். ஓடைச் சத்தம் விழுங்கிவிட்டது.

நில் என்று காட்டக் கையைத் தூக்கினான்.

கையைத் தூக்கினான்...

தனுஷா சிரித்துக்கொண்டே ஓட ஆரம்பித்தாள்.

7:38. அதற்குமேல் இளவரசன் யோசிக்கவில்லை. அவளை நோக்கி ஓடினான். கழுத்தில் கேமரா ஆடியது.

அண்ணன் இப்படி ஓடி வருவதைப் பார்த்து அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவன் நிற்கவில்லை. ஓடிப்போய் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

இருவருக்கும் நடுவில், நெஞ்சோடு நெஞ்சாக நசுங்கிக்கொண்டிருந்த கேமரா சத்தம் போட்டது.

பீப்.

பின்கழுத்தில் அவனுக்குச் சில்லென்றது. பனிதான் என்று சொல்லிக்கொண்டான்.

"இன்னாண்ணா ஆச்சி? பாம்பா?"

"ஆமா," என்றான். "பாம்பு. வா போலாம். ஓடாத. மெதுவா நட."

பிரவீன்குமார் வாங்கி வந்த இட்லியை யாரும் சாப்பிடவில்லை. பேனருக்கு ஸ்டூடியோவில் எடுத்த வேறு படத்தைப் போட்டார்கள்.

தை மாதம் கள்ளக்குறிச்சியில் கல்யாணம் நன்றாகவே நடந்தது. பெண்ணுக்கு அண்ணன் என்பதால் அன்று இளவரசன் கேமராவைத் தொடவில்லை. படமெடுத்தது ஜெயப்பிரகாஷ், கள்ளக்குறிச்சியில் கடை வைத்திருக்கும் நண்பன். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அண்ணன் எத்தனை முறை ஓடுவான் என்று கணக்கே கிடையாது. ஐயரைக் கூப்பிட ஓடினான். பந்திக்கு வாழை இலை குறைந்தது என்று ஓடினான். மாலை மேடைக்கு வரவில்லை என்று ஓடினான். மலையில் நடந்தது அந்தப் பரபரப்பில் மறந்தே போயிற்று.

நான்காம் நாள் காலை ஜெயப்பிரகாஷ் போன் செய்தான். "அண்ணே, ஆல்பத்துக்குப் படம் பொறுக்கிக்கினு இருக்கேன். ஒரு தபா வந்து பாத்துட்டுப் போ. ஒரு மாதிரியா இருக்குது."

9:30-க்கு இளவரசன் அவன் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"தங்கச்சி, மாப்பிள்ள, சனங்க எல்லாம் சூப்பரா வந்துக்குது," என்றான் ஜெயப்பிரகாஷ். "உன் மூஞ்சி மட்டும் இதுவரைக்கும் பொறுக்கினதுல ஒண்ணுலகூட ஷார்ப்பா இல்லண்ணே. ஃபோகஸ் எப்பவும் உனுக்குப் பின்னாலயே போய் நிக்குது."

இளவரசன் ஒவ்வொரு படமாகப் பார்த்தான். விடியற்காலைப் படத்தில் இரண்டு முழம் பின்னால். முகூர்த்தத்தில் ஒன்றரை முழம். பந்தியில் ஒரு முழம்.

 பிறகு தனுஷாவின் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். நெற்றிச் சுட்டியில் இருந்த சின்னக் கல்கூடத் தெரிந்தது. அவளிடம் எதுவும் இல்லை. அது அவனிடம் வந்துவிட்டது. அன்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டபோது வந்திருக்கிறது.

அவனுக்கு அழுகை வந்தது. நிம்மதியில் வந்த அழுகை. இனி வாழ்நாள் முழுவதும் நடந்தே போனால் ஆயிற்று.

"இன்னாண்ணே, கண்ணு கலங்குது? தங்கச்சி நெனப்பா?" ஜெயப்பிரகாஷ் அடுத்த படங்களைத் திறந்தான். "அப்ப இத்தப் பாரு. இதான் டாப்பு. தங்கச்சி கார்ல ஏறும்போது எடுத்தது. வுட்டு வுட்டு அழுத்தினேன். பதினெட்டு படம்."

மாலை 4:16. மண்டப வாசல். கார்க் கதவு வரை போன தனுஷா திரும்புகிறாள். அழுகிறாள். வாசலில் நிற்கும் அண்ணனை நோக்கி ஓடி வருகிறாள்.

முதல் பத்துப் படங்களில் ஃபோகஸ் இளவரசனுக்குப் பின்னால் இருந்தது.

பதினோராவது படம். தங்கை ஓடி வந்து அண்ணனைக் கட்டிக்கொள்கிறாள்.

பன்னிரண்டாவது படம்.

இளவரசனின் முகம் துல்லியமாக இருந்தது. அந்தக் கல்யாணத்தில் முதல்முறையாக. கன்னத்தில் வழிந்த கண்ணீர் வரை தெரிந்தது.

பதின்மூன்று முதல் பதினெட்டு வரை, தனுஷா காருக்குத் திரும்பி நடக்கிறாள். அவள் கலங்கலாக இருந்தாள்.

மலையில் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது அவன். மண்டப வாசலில் ஓடி வந்து கட்டிக்கொண்டது அவள்.

9:47. போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது...

"சொல்லுண்ணா."

"எங்க இருக்க?"

"பஸ் ஸ்டாப்புல. சங்கராபுரம் போறேன், பேங்க் வேலை. அவரு ஆறு மணிக்கே ஷிப்டுக்குப் பூட்டாரு. நான் மட்டுந்தான் தனியா."

"தனு, நான் சொல்றதக் கேளு. நீ இனிமே ஓடக் கூடாது. இன்னா அவசரமா இருந்தாலும் ஓடாத. நான் வரேன்."

"இன்னாண்ணா, இன்னும் அந்தப் பாம்புதானா?" சிரித்தாள். "ஐயோ, பஸ்ஸு எடுக்கிறான். இருண்ணா, லைன்லயே இரு."

"தனு, ஓடாத..."

செருப்புச் சத்தம் கேட்டது. மூச்சு இரைப்பது கேட்டது.

அந்தச் செருப்புச் சத்தத்தோடு சேர்ந்து இன்னொரு காலடியும் கேட்டது. வெறுங்கால்.

பிறகு பஸ்ஸின் உறுமல். தனுஷா மூச்சு வாங்கிக்கொண்டே, "ஏறிட்டேண்ணா," என்றாள்.

அவளுக்குப் பக்கத்தில் கண்டக்டரின் குரல் கேட்டது.

"படியில நிக்காதீங்கம்மா. ரெண்டு பேரும் உள்ள வாங்க."

போனில் காட்டிய நேரம் 9:51. சங்கராபுரத்துக்கு அந்த பஸ் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். இளவரசன் பைக் சாவியை எடுத்தான். பஸ் ஸ்டாண்டில் அவள் இறங்கும்போது அவன் எதிரில் நிற்க வேண்டும். அவள் அவனைப் பார்த்து ஓடி வருவதற்கு முன்னால், அவன் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்.