நாற்பத்து நாலு வயது மாணவிக்கு ஒரு கார்

நாற்பத்து நாலு வயதில் நான் சட்டக் கல்லூரியில் சேர்ந்தேன். அதற்கு முன் சின்னமனூரில் ஒரு பத்திர எழுத்தரிடம் பதினோரு வருடம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கிரயம், தானம், ஒத்தி என்று அந்த வட்டாரத்துச் சொத்தில் பாதி என் விரல் வழியாகத்தான் கைமாறியது. மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்த பிறகு, இத்தனை வருடம் டைப் அடித்ததை முறையாகப் படித்தால் என்ன என்று தோன்றியது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். தென்னைக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியை ஊன்றி நின்று, "படியேன். யாரு வேணாம்னது?" என்றார். வீட்டில் நடந்த விவாதம் அவ்வளவுதான்.

படிப்பு எனக்குப் பிடிபட்டுவிட்டது. போய்வருவதுதான் பெரும்பாடாக இருந்தது. எங்கள் வீடு பொட்டிப்புரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பிரிகிற மண்பாதையின் கடைசியில், தோட்டத்துக்குள் இருக்கிறது. கல்லூரியோ தேனிக்குப் பக்கத்தில். காலை ஏழு மணிக்கு ஒரு பஸ் போகும். அடுத்தது ஒன்பதரைக்கு, அதுவும் வந்தால்தான் உண்டு. அதனால் ஸ்கூட்டரில் போக ஆரம்பித்தேன். ஆடி பிறந்தது. மேற்கே மலையிலிருந்து காற்று இறங்கியது. ஒரு நாள் காலை, இரண்டு பக்கமும் மரமே இல்லாத வெட்டவெளியில் அந்தக் காற்று என்னையும் ஸ்கூட்டரையும் சேர்த்து ஒரு நெல் வயலுக்குள் தள்ளிவிட்டது. நட்டு நாலு நாள் ஆன வயல். உடம்பெல்லாம் சேறு, இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தேன்.

கட்டுப் பிரித்த அன்று அண்ணன் வந்தார். அவருக்குக் கம்பத்தில் வீடு. ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களை விடியற்காலையில் ஜீப்பில் ஏற்றிக் கேரளா பக்கம் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வருவதுதான் அவர் பிழைப்பு. வண்டி விஷயத்தில் எங்கள் குடும்பத்தில் அவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

"இனிமே நீ ரெண்டு சக்கரத்துல ஏறுனேன்னா, சாவியப் பிடுங்கிட்டுப் போயிருவேன் ஆத்தா. பேசாம ஒரு காரப் பாரு. லைசென்சு வச்சிருக்கேல்ல?"

வைத்திருந்தேன். பத்து வருடத்துக்கு முன்னால் எடுத்தது. அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொட்டது மூன்று முறையோ நான்கு முறையோ. ஆனாலும் அவர் சொன்னதும் மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு வந்துவிட்டது. எனக்கென்று ஒரு கதவு, எனக்கென்று ஒரு சாவி!

வீட்டுக்காரருக்குப் புது வண்டிதான் வேண்டும். பழசை வாங்கினால் அடுத்தவர் சீக்கை வாங்குவது மாதிரி என்பது அவர் எண்ணம். அதனால் முதலில் தேனியில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். விற்பனையாளர் எங்களை உட்காரவைத்து, ஜூஸ் கொடுத்து, அவரைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார்.

"காலேஜ் போறதுக்குன்னு போன்ல சொன்னீங்களே சார். பையனுக்கா, பொண்ணுக்கா?"

"இந்தா உக்காந்திருக்காளே, இவதான் ஸ்டூடண்ட்டு" என்றார் இவர்.

விற்பனையாளர் ஒரு விநாடி தடுமாறி, நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்படியானால் வாங்கவே வேண்டாம், லீசுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார். மாதம் ஒரு தொகை, மூன்று வருடம். இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும். படிப்பு முடிகிறபோது வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். படிப்பும் மூன்று வருடம், வண்டியும் மூன்று வருடம்! எனக்குக் கேட்கவே இனித்தது.

"நம்ம ஊருல வீட்ட ஒத்திக்கு எடுக்குற மாதிரிதான" என்று இவர் தலையாட்டினார்.

"ஒத்தின்னா முடியும்போது குடுத்த பணம் திரும்ப வரும்ங்க" என்று சொல்லிவிட்டு, ஒப்பந்தப் பத்திரத்தைக் கேட்டேன். விற்பனையாளர் கணினியிலிருந்து எடுத்துத் தந்தார். பதினெட்டுப் பக்கம், பொடி எழுத்து. பழக்க தோஷம், முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். இவர் இரண்டாவது ஜூஸையும் முடித்துவிட்டார். ஒன்பதாம் பக்கத்தில் வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான், மேலே ஓடினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனிக் கட்டணம் என்று இருந்தது. நான் தினமும் போய்வருகிற தூரத்துக்கு அந்தக் கணக்கு எட்டாம் மாதத்தில் தீர்ந்துவிடும். பதின்மூன்றாம் பக்கத்தில், தார் போடாத பாதையில் ஓட்டி வண்டி பழுதானால் கம்பெனி பொறுப்பில்லை என்று இருந்தது.

"எங்க வீட்டு வாசலே மண்ரோட்டுலதாங்க இருக்கு" என்றேன்.

"இம்புட்டுத் தூரம் யாருமே படிக்கிறதில்ல மேடம்" என்றார் அவர், கொஞ்சம் பாவமாக.

வெளியே வந்ததும் இவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. புது வண்டி ஆசையை அங்கேயே விட்டுவிட்டு, "நீ படிச்சது வீண் போகல" என்று சொல்லி எனக்கு டீயும் வடையும் வாங்கித் தந்தார்.

அடுத்து அண்ணனின் முறை. கம்பத்துக்குப் பக்கத்தில் பழைய கார்கள் விற்கிற ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனார். வெள்ளைக் கார் ஒன்று முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தது. விலையும் என் சேமிப்புக்குள் அடங்கியது. நான் மயங்கிவிட்டேன். அண்ணன் இன்ஜினைப் பார்க்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். எப்போதும் உள்ளே சுருண்டே கிடக்கிற அந்த அடிப்பகுதியில் சேற்று நிறத்தில் ஒரு கறை.

"தண்ணிக்குள்ள கெடந்த வண்டி. வா, போவோம்" என்றார்.

இப்படி ஏழு வண்டி பார்த்தோம். எட்டாவது, ஒரு டீச்சரின் கார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, உத்தமபாளையத்துக்குத் தெற்கே மலையடியில் உள்ள ஒரு கிறித்தவ ஊரில் தனியாக இருந்தார். கண் பார்வை மங்கியதால் இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒன்பது வருடம் ஓடிய சின்னப் பெட்ரோல் கார், சாம்பல் நிறம். ஏற்கெனவே மூன்று பேர் கேட்டு வந்து, மூன்று பேரையும் அவர் திருப்பி அனுப்பியிருந்தார்.

"படிக்கிற பிள்ளைக்குன்னு சொன்னாக. பிள்ளை எங்க?" என்று வாசலிலேயே கேட்டார்.

"நான்தான் டீச்சர்."

கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன படிக்கிற?"

"சட்டம்."

"சரி, ஏறு. கம்பத்துல காய் வாங்கணும். நீயே ஓட்டு."

டீச்சர் என் பக்கத்திலும் அண்ணன் பின்னாலும் உட்கார்ந்தார்கள். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மெதுவாக உருட்டிக்கொண்டு போனேன். வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் இன்ஜின் நின்றுவிட்டது. பின்னால் திராட்சைப் பெட்டி ஏற்றிய வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அண்ணன் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். மறுபடி கிளப்பி, ஏற்றத்தைத் தாண்டி, மெயின் ரோட்டில் சேர்ந்தபோது எனக்கு மூச்சு சீரானது. மூன்றாவது கியர், பிறகு நான்காவது. வலது பக்கம் மலை கூடவே வந்தது. எனக்கே என்னைப் பிடித்துப்போனது. மார்க்கெட் வாசலில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால், காய்ப் பையை மடியில் அணைத்தபடி டீச்சர் தூங்கிக்கொண்டிருந்தார்.

தோளைத் தொட்டு எழுப்பினேன். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அடுத்தவுக ஓட்டும்போது நான் கண்ண மூடுனதே இல்ல. இன்னைக்கித் தூங்கிருக்கேன். வண்டி உனக்குத்தான்."

அண்ணன் முன்னால் எட்டி, "அப்ப வெலையில கொஞ்சம் பாத்து டீச்சர்..." என்று இழுத்தார்.

"ஒத்த ரூவா கொறைக்க மாட்டேன். தூங்குனது வேற, வெல வேற."

பெயர் மாற்றிக் கொண்டுவர மூன்று வாரம் ஆனது. சாவி கொடுத்த அன்று டீச்சர் காரின் முன் கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைக் கழற்றிக்கொண்டார். ஒரு நோட்டைத் தந்தார். எந்த நாளில் எந்த ஆயில் மாற்றியது, எந்த டயர் எங்கே பஞ்சரானது என்று ஒன்பது வருடமும் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். "எடது பக்கக் கண்ணாடி எறங்காது. அத ரிப்பேர் பண்ணாத, காசுக்குக் கேடு" என்றார். நான் கிளம்பியபோது கேட் பக்கத்தில் நின்று, வண்டி திரும்புகிற வரை கையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

காரோடு கல்லூரிக்குப் போன முதல் நாள், வாசலில் அந்த வாரம்தான் வேலைக்கு வந்திருந்த காவலாளி விறைப்பாக ஒரு சல்யூட் வைத்து, பேராசிரியர்கள் வண்டி நிறுத்துகிற கூரைக்கே எனக்கு வழிகாட்டினார். நரைத்த தலையையும் காட்டன் சேலையையும் பார்த்தவர் வேறு என்ன நினைப்பார்? எனக்கும் மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. நான்கு நாள் நிழலில் நிறுத்தினேன். நான்காம் நாள், புதிதாகச் சேர்ந்திருந்த பேராசிரியை எங்கள் வகுப்புக்குள் நுழைந்தார். மூன்றாவது பெஞ்சில் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"மேடம், காலையில பார்க்கிங்ல உங்களுக்கு நான் வணக்கம் சொன்னேனே!"

வகுப்பே சிரித்தது. எழுந்து நின்று நானும் சிரித்தேன். அடுத்த நாளிலிருந்து மாணவர்களின் பைக் வரிசைக்குப் பக்கத்தில், வெயிலில்தான் என் இடம். காவலாளி மட்டும் சல்யூட்டை நிறுத்தவில்லை.

இப்போது இரண்டாம் வருடம். சின்னமனூரிலிருந்து என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் என்னோடுதான் வருகிறார்கள். பெட்ரோலுக்குப் பங்கு தரட்டுமா என்று கேட்டார்கள். பணம் வேண்டாம், அதற்குப் பதிலாகப் பாடத்தைச் சத்தமாக வாசியுங்கள் என்றேன். ஒருத்தி சாட்சியச் சட்டத்தைப் பிரிவு பிரிவாக வாசிக்க, மற்றவள் கேள்வி கேட்க, நான் ரோட்டைப் பார்த்தபடியே பதில் சொல்ல, வீரபாண்டி வருவதற்குள் ஒரு அத்தியாயம் முடிந்துவிடும். தப்பாகச் சொன்னால், "அக்கா, போச்சு" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்துவார்கள். போன பரீட்சையில் அந்தப் பாடத்தில்தான் எனக்கு மதிப்பெண் அதிகம்.