பிராந்தித் தக்கையும் ஐயாவின் பெயரும்

எங்கள் ஐயாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்திருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் அவருடைய மூத்த மகள் பணிவுடன் எழுதுவது. பணிவு இந்த வரியோடு சரி, பொறுத்தருள்க.

ஐயா யாழ்ப்பாணத்தில் பிறந்து, இளவயதிலேயே கடல் கடந்து கிள்ளான் துறைமுகத்தில் கப்பலிறங்கினார். ரயில்வேயில் கடிகாரங்களும் தராசுகளும் பழுதுபார்த்தார். அம்மா காலமானபின் எங்களைத் தனியே வளர்த்தார். மச்ச மாமிசம் தொடாதவர், செம்பில்கூட வாய் வைத்துக் குடியாதவர்.

அவருடைய கைநேர்த்தியைக் கேள்விப்பட்டு, வாத்தியக் குழுவின் மணிலாக்காரர் ஒருவர் தம் ஓபோவை எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அது கருமரக் குழல். அதன் துளைகளைச் சிறு வெள்ளி மூடிகள் மூடித் திறக்கும். ஒன்றில் காற்றுக் கசிந்தாலும் அடிஸ்வரம் வராது. மூடிகளுக்குள் இருந்த மாட்டுக்குடல் தோல், எச்சில் ஊறிப் பச்சை பிடித்து நாறியது. ஐயா மூக்கைப் பொத்திக்கொண்டு அதைச் சுரண்டி எறிந்தார். திரும்பவும் குடலைத் தொட மனமில்லாமல் தக்கை வெட்டி ஒட்டினார். நல்ல தக்கை பிராந்திப் போத்தலில்தான் கிடைத்தது. பிறகு மூடிக்கடியில் சிகரெட் சுற்றும் தாளை வைத்து மெல்ல இழுப்பார். எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பிடிக்கும்வரை திருகாணியைத் திருப்பிக்கொண்டே இருப்பார்.

என்னைப் பெண்பார்க்கக் கிள்ளானிலிருந்து வந்தார்கள். ஐயா கோட்டைக் கழற்றியபோது, பையிலிருந்த தக்கைகளும் தாள்களும் அவர்கள் முன்னால் விழுந்தன. ஐயாவுக்கு ஒரே தமையனார், எங்கள் பெரியப்பா. அவர் மாப்பிள்ளையின் தாயாரிடம் சொன்னார்:

“தம்பி குடிக்கிறவன் எண்டு நான் எப்பவோ நினைச்சனான்.”

ஐயா பதறிப்போய் ஓபோவை எடுத்துவந்தார். மணிலாக்காரருடைய வாத்தியம் இது, இதற்குத்தான் தக்கை என்று சொல்லி, தாளை வைத்து இழுத்துக் காட்டினார். அவர்கள் நம்பாததால் வாயில் வைத்து ஊதியும் காட்டினார். அடிஸ்வரம் அழகாக வந்தது. கூடவே குழலின் நுனியிலிருந்து எச்சில் பாயில் சொட்டியது.

“பண்டி இறைச்சி தின்னுற ஆள் வாய் வச்சதையோ வாயில வைக்கிறார்?” என்று கேட்டபடி அந்த அம்மாள் எழுந்தார். கோப்பியை யாரும் தொடவில்லை. சம்பந்தம் அதோடு போயிற்று. பிறகு வேறொன்றும் வரவில்லை. பெரியப்பாவின் கதை சாலாக் செலாத்தான் ஊர் வரை முந்திப் போயிருந்தது.

அன்று ஐயா என் முகத்தைப் பாராமல் சொன்னார்:

“நான் குடலையே வச்சிருக்கலாம், பிள்ளை.”

கடைசிக் காய்ச்சலில் மருந்து தந்த டாக்டருக்கும், சமைத்து அனுப்பிய அயலவர்க்கும், தோள் கொடுத்த ரயில்வே நண்பர்க்கும் எங்கள் நன்றி. வாசற் படலைக்கு வெளியே வெயிலில் நின்ற மணிலாக்காரருக்கும் நன்றி. அவரை உள்ளே விடாதவர் பெரியப்பா.

பெரியப்பாவுக்கும் நன்றி. துக்கம் தாங்காமல் செத்தவீட்டு மூன்று நாளும் எங்கள் வீட்டின் பின்புறத்தில் இருந்து பிராந்தி குடித்தார். போத்தல்களை அங்கேயே போட்டுப் போனார். தக்கைகள் நல்ல தரம். வெந்நீரில் கழுவி, படலையைத் திறந்து, மணிலாக்காரரிடம் நானே கொடுத்தேன்.